மாமன் மகளைக் கட்டிய இளவரசன்

லண்டனில் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர், ஓய்வுபெற்றவர்களிடம் பணி அனுபவம் எழுதி வாங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கேட்க மாட்டீர்கள் என்று நிம்மதியாக இருந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

என் தொழில் வம்ச அட்டவணை. செத்துப்போன அரச குடும்பங்களில் யார் யாரைப் பெற்றார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்று சரிபார்த்துக் கோடு போடும் வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தேன். கலியாணத் தரகர் வேலை மாதிரித்தான். ஒரே வித்தியாசம், எங்கள் மாப்பிள்ளைகள் எல்லாரும் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டவர்கள். யாருக்கு யாரைப் பேசினாலும் வீடு தேடிவந்து சண்டை பிடிக்க மாட்டார்கள்.

உங்களில் இருவர் இப்போது என் பழைய பதிப்பகத்தில் அந்தத் தொகுதிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டீர்கள். ரூஸ் இளவரசர்கள், அதாவது ருஷ்யா என்று ஒரு நாடு வருவதற்கு முன் கீவ் பக்கம் ஆண்டவர்கள், தொகுதியில் ஒரு பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது, பிழையைத் தரவிலேயே திருத்திவிட்டோம், ஆகவே சீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. நான் இன்னும் பதில் போடவில்லை. இதுதான் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் ‘பிழை என்னுடையது’ என்று எழுதிப் பெயர் போட்டிருப்பவர் அந்தப் பிழையைச் செய்யவில்லை. செய்தவன் நான்.

முதலில் நான் அங்கே எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போனேன். படிப்பு முடியும்போது ஊரில் சண்டை, திரும்பிப் போக வழியில்லை. சுற்றி வளைத்து லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். என் பொறியியல் பட்டத்தை இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சவுத்தாலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தபோது, பழைய ருஷ்ய எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பழைய ருஷ்யன் எனக்குத் தெரியாது. புது ருஷ்யன் தெரிந்தவனுக்குப் பழையது வராதா என்று ஒரு துணிச்சல். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

பதிப்பகம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மூன்று அறை. ஓர் அறை முதலாளிக்கு, ஓர் அறை புத்தகங்களுக்கு, மிச்ச அறையில் தலைமைப் பதிப்பாசிரியர். அவரை நான் இங்கே அம்மையார் என்றே எழுதுகிறேன். பெயரை எங்கே எழுத வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே. புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த ருஷ்யக் குடும்பத்தில், லண்டனில் பிறந்தவர். தாய் தகப்பன் போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர் இல்லை, கலியாணம் கட்டவில்லை. அவர் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, ஒரு நாளாகமத்தின் பக்கத்தை நீட்டினார். அந்தக் காலத்துத் துறவிகள் மடத்தில் உட்கார்ந்து வருடா வருடம் நடந்ததை எழுதிவைத்த ஏடு அது.

“இந்த இளவரசனுக்கு எத்தனை மகள்மார்?” என்று கேட்டார்.

அரை மணித்தியாலம் திணறி வாசித்து, மூன்று என்றேன். மூன்று மகள்மாரைக் கட்டிக்கொடுத்தான் என்றுதான் பக்கத்தில் இருக்கிறது, மூன்று பேர்தான் இருந்தார்கள் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வேலை இல்லை என்று எழுந்துவிட்டேன். உட்காரச் சொன்னார். “பிழையாகச் சொன்னீர்கள். ஆனால் வாசித்துவிட்டுச் சொன்னீர்கள். முன்னால் வந்த இரண்டு பேர் வாசிக்காமலே சொன்னார்கள்,” என்றார். அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் எதிரும் புதிருமாகப் பதினான்கு வருடம் இருந்தோம். தனியாக இருக்கும்போது ருஷ்யனில் பேசுவோம். ருஷ்யர்களின் மரியாதைப்படி என் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார். இந்த நகரத்தில் என் அப்பாவின் பெயரை வாயால் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அது படிவத்தில் ஒரு முதலெழுத்து. மத்தியானம் அவர் தன் பாண் துண்டைச் சாப்பிடுவார், நான் என் பிட்டைச் சாப்பிடுவேன். நாலு மணிக்குத் தேநீர். வெள்ளிக்கிழமை பின்னேரம் மற்றவர்கள் வீட்டுக்குப் பறப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று இருப்போம். வேலையில் அக்கறை என்று முதலாளி நினைத்தார். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

அவர் சொல்லித்தந்த பாடங்களில் ஒன்றைச் சொல்கிறேன். ரூஸ் இளவரசர்களின் பெண்களுக்குப் பெயர் இருப்பது அபூர்வம். எழுதிய துறவிகளுக்கு அது முக்கியமாகப் படவில்லை. ‘இளவரசன் மணம் செய்தான்’ என்பார்கள், யாரை என்று சொல்ல மாட்டார்கள். ‘அந்த ஆண்டு இளவரசி இறந்தாள்’ என்பார்கள், எந்த இளவரசி என்று சொல்ல மாட்டார்கள். புல்வெளிக் குதிரைக்காரத் தலைவர்களின் மகள்மார் மருமகள்களாக வருவார்கள். ஞானஸ்நானம் கொடுத்து வேறு பெயர் வைப்பார்கள், பிறந்த பெயர் அதோடு போச்சு. பெயரோ தகப்பனோ தெரியாத பெண்ணுக்கு அட்டவணையில் ஒரு சின்னக் கோடு மட்டும் போடுவோம். தொடக்கத்தில் எனக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். எங்காவது துப்பு இருக்காதா, ஒரு பெயரைப் போட்டுவிட முடியாதா என்று தோன்றும். அம்மையார் ஒருநாள் சொன்னார்: “கோடும் ஒரு பதில்தான். நமக்குத் தெரியாது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.” எனக்கு அது காதில் ஏறியது. மண்டையில் ஏறவில்லை.

சரி, பிழைக்கு வருகிறேன்.

ஒரு ரூஸ் இளவரசன். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் நீங்கள் இதை வாசிப்பதை விட்டுவிட்டுத் தேடப் போய்விடுவீர்கள். கொஞ்சக் காலம் கீவ் நகரத்தில் ஆட்சியில் இருந்தவன். தகப்பன்வழிச் சொந்தக்காரரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை. முதல் மனைவி யார் என்று தெரியும், செத்துப்போனாள். இரண்டாம் கலியாணத்தைப் பற்றி நாளாகமத்தில் ஒரே ஒரு வரி. அந்த ஆண்டு குளிர்காலத்தில் இளவரசன் மறுபடி மணம் செய்தான், மேற்கே இன்ன நகரத்திலிருந்து அங்குள்ள இளவரசனின் மகளை அழைத்து வந்தார்கள் என்று. எந்த இளவரசனின் மகள் என்று இல்லை. அந்த ஒரு வருடத்துக்குள் அந்த நகரத்தை இரண்டு பேர் ஆண்டிருக்கிறார்கள். முதலில் இருந்தவர் நம் இளவரசனின் தாய்மாமன். அவரைத் துரத்திவிட்டு வந்தவர் வேறொரு கிளைக்காரர். அம்மையார் முப்பது வருடமாக அந்த இரண்டாம் மனைவிக்குக் கோடு போட்டே வைத்திருந்தார்.

அந்தத் தொகுதி அம்மையாரின் வாழ்நாள் வேலை. அது முடிந்ததும், ரூஸ் பெண்கள் ஹங்கேரிக்கும் போலந்துக்கும் பிரான்சுக்கும் மருமகள்களாகப் போன கதையை அடுத்த தொகுதியாகக் கொண்டுவருவது அவர் ஆசை. அதற்கென்று பெட்டி பெட்டியாக அட்டைகள் சேர்த்து வைத்திருந்தார். ரூஸ் தொகுதி அச்சுக்குப் போக ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. கடைசிப் பார்வையை என்னிடம் விட்டார். பதினொரு வருடம் கூட இருந்தவன், நம்பினார்.

அந்தக் கிழமை நான் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது போல இருந்தது. இளவரசன் ஆட்சியை இழந்து ஓடியபோது யார் அடைக்கலம் கொடுத்தது? தாய்மாமன். படை கொடுத்தது யார்? தாய்மாமன். இரண்டாம் மனைவிக்கு மகன் பிறந்தபோது குதிரைகளை அனுப்பியது யார்? அதே தாய்மாமன். எங்கள் ஆட்களில் இதையெல்லாம் யார் செய்வார்? பெண் கொடுத்தவர் செய்வார். பிள்ளை பிறந்தால் பேரப்பிள்ளைக்குச் சீர் கொண்டுபோவார். மாமன் வீட்டில் பெண் எடுத்தான் என்பதை விட இயல்பான விஷயம் உலகத்தில் இருக்கிறதா? இதை முப்பது வருடமாக ஒருவரும் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். வெள்ளைக்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று ஒரு கர்வம் வேறு.

அவர்கள் பார்க்காததற்குக் காரணம் இருந்தது. அந்த நாட்டுத் திருச்சபையில் தாய்மாமன் மகளைக் கட்டுவது பெரும் பாவம். தூரத்துச் சொந்தத்துக்குள் அவர்கள் கட்டியிருக்கிறார்கள், அதற்கே ஆயர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். உடன் மாமன் மகளைக் கட்டியிருந்தால், எழுதிய துறவி அதை ஒரு வரியோடு விட்டிருக்க மாட்டான். வானத்தில் தீப்பிடித்தது, ஆற்றில் இரத்தம் ஓடியது என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பான். இது அந்தத் துறையில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்த அந்த விஷயம் அந்தக் கிழமை என் மூளையின் ஒரு மூலையிலும் எழும்பவில்லை. வேறு நாட்டுக்காரன் ஒருவன் அந்த வரியைக் கண்டால் உடனே நிமிர்ந்திருப்பான். தமிழனான எனக்கு அது வீட்டு விஷயம் மாதிரி இருந்தது, வழுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்குள்ளும் மச்சானும் மச்சாளும் கட்டுவதென்றால் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். கேட்டால் அனேகமாகக் கிடைத்துவிடும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். அதே கிழமை வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மகளை எங்கள் தம்பியின் மகனுக்குச் செய்கிறார்கள்.

“அண்ணை, பிஷப்பின்ர கடிதம் வந்திட்டுது. விலக்குக் குடுத்திட்டினம்,” என்றாள். “நீங்கள் வரமாட்டியள் எண்டு தெரியும். எண்டாலும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாதெல்லோ.”

சந்தோஷம் என்று சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். மச்சாளைக் கட்ட அனுமதி வேண்டும் என்று என் தங்கச்சி காதில் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் பென்சிலை எடுத்து, முப்பது வருடக் கோட்டை அழித்து, மாமனின் பெயரை எழுதினேன்.

அந்த நகரத்தைப் பற்றிய மற்றத் துப்பும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த நாளாகமத்தில் வருடம் பங்குனியில் தொடங்கும். குளிர்காலம் வருடத்தின் வால். அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே மாமனைத் துரத்தியாயிற்று. அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன், தகப்பன் போனாலும் மகள் நகரத்திலேயே தங்கியிருக்கலாம் என்று. ஒரு சமாதானம் தேவைப்படுகிற இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள் என்று இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அப்போது எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. இருந்தவர் கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஏன் அவ்வளவு அவசரம் எனக்கு? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு ஒரு மச்சாள் இருந்தாள், மாமாவின் மூத்த மகள். சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சு. நான் மொஸ்கோவுக்குப் போகும்போது வாசலில் நின்றாள். ஆறு வருடம் காத்திருந்தாள். அதற்கு மேல் அவளை இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என்னிடம் பாஸ்போட்டே இல்லை. பாரிசில் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு அவர்கள் இங்கே வந்து ஈஸ்ட் ஹாமில் கடை போட்டார்கள். ஒருமுறை போனேன். கணவர் நல்ல மனிதர், கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். அவள் “சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அரிசி பருப்பு எல்லாம் ஹரோவிலேயே கிடைக்கிறது.

அந்த இளவரசனாவது மாமன் மகளைக் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. அட்டவணையில் பிழை வருவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. நாம் எதற்கு ஏங்குகிறோமோ அது பென்சில் நுனியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அச்சுக்குப் போகும் முதல் நாள் அம்மையாருக்குத் தொலைபேசியில் சொன்னேன், இன்ன இடத்தில் கோட்டை எடுத்துவிட்டேன் என்று. “நிச்சயம்தானே?” என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அப்படியானால் சரி என்றார். அவருக்கு அன்று தலை நிமிர்த்தக்கூடாது, வெளிச்சம் பார்க்கக்கூடாது. அந்த நிலையில் நான் அவரிடம் கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தார் என்று எனக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. இங்கிலாந்தின் வடக்கே ஓய்வில் இருக்கும் ஒரு பாதிரியார் எழுதியிருந்தார். ரொம்ப மரியாதையான கடிதம். இன்ன பக்கத்தில் இளவரசன் தன் சொந்த மாமன் மகளை மணந்ததாகக் கண்டேன், இதற்கு அந்தக் காலத்து ஆயர் எப்படி ஒப்புக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் தந்தால் மகிழ்வேன் என்று இருந்தது. வாசித்த உடனே எனக்குக் காது இரண்டும் சுட்டது. பிறகு துறை அறிஞர்கள் சிலர் எழுதத் தொடங்கினார்கள், அவர்கள் அவ்வளவு மரியாதையாக எழுதவில்லை. இரண்டு மூன்று நூலகங்கள் அடுத்த தொகுதி வேண்டாம் என்றன.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அட்டவணை வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்க வேண்டும், யார் செய்தது என்று வாசகருக்குத் தெரியக்கூடாது. ஆகவே எந்தத் தொகுதியிலும் பதிப்பாசிரியர் பெயர் இராது, பதிப்பகத்தின் பெயர் மட்டும்தான். ஆனால் பிழை என்று வந்தால் பதிப்பகம் பொறுப்பேற்காது, ஓர் ஆள் ஏற்க வேண்டும். மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, “இதை யார் போட்டது?” என்று கேட்டார்.

பிள்ளைகளே, அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல் சொல்லப் போதுமான நேரம் நிச்சயமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் என் விசா விண்ணப்பம் உள்ளே இருந்தது, வேலைக் கடிதம் இல்லாவிட்டால் கதை முடிந்தது. இதைத்தான் பல வருடம் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் விசா ஆறு மாதத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே. வெட்கமும் பயமும்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

“நான் பார்த்து அனுப்பியது,” என்றார் அம்மையார். “பிழை என்னுடையது.”

அன்று பின்னேரமே சீட்டு எழுதினார். நாலு வரி. இரண்டாம் மனைவியின் தந்தை பெயரை நீக்கிக் கோடு போடவும். பிழை என்னுடையது. கீழே அவர் முழுப் பெயர். மிச்சமிருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் அந்தச் சீட்டை நாங்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்து ஒட்டினோம். மூன்று நாள் ஒட்டினோம். அவருக்கு ஒரு கண் இன்னும் சரியாகத் தெரியாது, ஆகவே நான் பசை தடவிக் கொடுக்க அவர் வைத்து அழுத்துவார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது.

பெண்கள் தொகுதியை முதலாளி அவரிடம் கொடுக்கவில்லை. வெளியில் ஒருவருக்குக் கொடுத்தார். அம்மையார் சேர்த்த அட்டைப் பெட்டிகள் டாக்சியில் போயின. அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் மற்றவர்களின் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்றார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அதில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். உங்களில் இருவர் இப்போது அந்த மேசையில்தான் கணினி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் நினைப்பீர்கள், இவ்வளவு காலம் ஒரு மனிதன் எப்படிச் சொல்லாமல் இருந்தான் என்று. இலகு. முதல் வருடம்தான் கஷ்டம். பிறகு, இப்போது சொல்லி என்ன பயன் என்று ஒன்று வரும். பிறகு, கிளறினால் அவருக்கும் வலிக்குமே என்று இன்னொன்று வரும். கடைசியில் அது ஒரு பெருந்தன்மை மாதிரியே தோன்றத் தொடங்கிவிடும். ஒரு பிழையை முதல் நாளே சொல்ல வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்வது ஒழுக்கத்துக்காக மட்டும் இல்லை. இரண்டாம் நாள் அதற்கு நியாயம் முளைத்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் அவர் ஹரோப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு வந்தார். தற்செயலாக என் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன். மாதத்தில் முதல் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும் போவேன். அங்கே வேலை செய்கிற பெண் முதல் தடவை என்னை டாக்சி ஓட்டுநர் என்று நினைத்துவிட்டாள். வருகையாளர் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து நான் கண்டதில்லை. எனக்கும் ருஷ்யனில் பேச வேறு ஆள் இல்லை. உட்கார்ந்து, யார் யாருடைய மகளைக் கட்டினான், யார் யாருடைய கண்ணைக் குருடாக்கினான் என்று எண்ணூறு வருடத்து ஊர்வம்பு பேசுவோம். அந்த ஒரு இளவரசனைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

உங்கள் மின்னஞ்சல் வந்த பிறகு வந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை, நேரே அவரிடம் போனேன். பேச்சை வளைக்காமல் சொன்னேன். தொகுதிகள் கணினிக்குப் போகின்றன, சீட்டை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள், எடுத்துவிடச் சொல்லப்போகிறேன், உங்கள் மேல் இருக்கிற பழி அதோடு போய்விடும், பிழை என்னுடையது என்று நானே எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிழை உங்களுடையது என்று எனக்குத் தெரியாதா?” என்றார். “நீங்கள் சொல்வதற்காகத்தான் ஒவ்வொரு மாதமும் வருகிறீர்கள் என்று நினைத்தேன்.” பிறகு கேட்டார்: “அந்தச் சீட்டை எடுத்துவிட்டால், அத்தனை தொகுதிகளில் என் பெயர் வேறு எங்கே இருக்கிறது?”

வேறு எங்கும் இல்லை. முப்பது வருட வேலையில், ஆயிரக்கணக்கான கோடுகளில், அவர் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அவர் செய்யாத பிழையை ஒப்புக்கொண்ட அந்த நாலு வரி. அவரை நல்லவராக்க வேண்டும் என்று நான் எடுக்கப்போனது அவரிடம் இருந்த ஒரே இடத்தை.

திரும்பி வரும்போது ரயிலில் யோசித்தேன். சீட்டை அப்படியே விட்டால் பொய் நிற்கும். எடுத்தால் அவர் நிற்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டித்தான் தோன்றியது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சீட்டை எடுக்காதீர்கள். அந்த இரண்டாம் மனைவிக்கு எதிரே கோடு இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள். சீட்டில் மட்டும் ஒரு வரியை மாற்றுங்கள். ‘பிழை செய்தவர்’ என்று போட்டு என் முழுப் பெயரை எழுதுங்கள். ‘திருத்தியவர்’ என்று போட்டு அவர் பெயரை எழுதுங்கள். பிறகு அந்தத் தொகுதியின் முதல் பக்கத்துக்குப் போய், பதிப்பாசிரியர் என்று ஓர் இடம் திறந்து, அங்கேயும் அவர் பெயரைப் போடுங்கள். பழைய முதலாளி இப்போது இல்லை, கொள்கையும் அவரோடு போய்விட்டது. புதிய நிர்வாகம் ஏன் என்று கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள், கீழே கையெழுத்திட்டிருக்கிறேன்.

மொத்தத் தொகுதிகளும் ஏறி முடிய அடுத்த வருடம் ஆகும் என்று எழுதியிருந்தீர்கள். வரிசைப்படி செய்வதுதான் முறை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். இருந்தாலும் இந்த ஒரு தொகுதியை முதலில் ஏற்றுங்கள். அவருக்கு இந்த மாசியில் தொண்ணூற்றிரண்டு முடிந்தது.